முதல் போட்டிக்குப் போகும் முன்: பெயிண்ட்பால் கேள்வி பதில்

சாயக் குண்டுகளால் எதிரணியைச் சுட்டு வெளியேற்றும் விளையாட்டான பெயிண்ட்பாலின் சிறிய போட்டிகளில் முதன்முறையாக இறங்கும் அணிகள் தங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் நிறைய, எந்த மார்க்கர் (குண்டு சுடும் துப்பாக்கி) வாங்கலாம் என்பது பற்றியவை. அவற்றை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம். பின்வரிசை ஆட்டக்காரராகப் பல வருடம் ஆடிய பிறகு, இப்போது புது அணிகளுக்குப் பயிற்சி தருகிறேன். சின்னப் போட்டிகளில் நடுவராகவும் நிற்கிறேன். நடுவராக நின்று பார்க்கும்போது ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். புது அணிகள் குறி தவறித் தோற்பது குறைவு. எதிரணியில் எத்தனை பேர் மிச்சம், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது தன் அணியில் பாதிப் பேருக்குத் தெரியாமல் தோற்பதுதான் அதிகம். கீழே வரும் பதில்களில் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் போய் நிற்கும்.

நாங்கள் ஐந்து பேர். அடுத்த மாதம் மூவர் அணிப் போட்டி ஒன்றில் ஆடப் போகிறோம். இதுவரை காட்டுக்குள் பொழுதுபோக்காக ஆடியதுதான் பழக்கம். போட்டி ஆட்டத்தில் என்ன மாறும்?
– புது அணி ஒன்றின் தலைவர்

முதலில் மைதானம் மாறும். ஒளிந்துகொள்ளக் காற்றடைத்த மறைவுகளை, அதாவது பங்கர்களை வைத்து, நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைத்திருப்பார்கள். உங்கள் பாதியில் எது எங்கே இருக்கிறதோ, அது எதிரணியின் பாதியிலும் அப்படியே இருக்கும். ஒரு ஓரத்தில் தரையோடு தரையாக நீளும் ஸ்னேக், இன்னொரு ஓரத்தில் முக்கோண வடிவ டொரிட்டோக்கள், நடுவில் உயரமான சில பங்கர்கள் என்பது வழக்கமான அமைப்பு. இதனால் ஒரு பெரிய வசதி உண்டு. உங்கள் பாதியை நிதானமாக நடந்து பார்த்தாலே எதிரணி எங்கே ஓடும், எந்த இடைவெளியில் மாட்டும் என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது, வேகம். காட்டு ஆட்டத்தில் பதுங்கிக் காத்திருக்க நேரம் இருக்கும். இங்கே தொடக்க ஒலி கேட்ட ஐந்து நொடிக்குள் இரண்டு பக்கமும் ஆள் போயிருக்கலாம். மூன்று பேரில் ஒருவர் போனால் அணியில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. அதனால் உங்கள் முதல் போட்டிக்கு நான் வைக்கும் இலக்கு எளிமையானது: ஒவ்வொரு ஆட்டத்திலும் மூன்று பேரும் முதல் பங்கருக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும். துணிச்சலான திட்டமெல்லாம் அதற்கு அப்புறம்.

மூவரில் ஒருவர் பின்னால் நின்று மைதானம் முழுவதையும் பார்க்கட்டும். மற்ற இருவரும் பக்கத்துக்கு ஒருவர். மிச்சமுள்ள இரண்டு பேரைச் சும்மா உட்கார வைக்காதீர்கள். ஒருவர் பாட்களில் (கூடுதல் குண்டுகளை இடுப்பில் கொண்டுபோகும் குழாய்கள்) குண்டு நிரப்பி, காற்றுச் சிலிண்டர்களைக் கவனித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் வலைக்கு வெளியே நின்று, எதிரணியில் யார் எந்தப் பங்கருக்கு ஓடுகிறார்கள் என்று தாளில் குறித்துக்கொண்டே இருக்கட்டும். வெளியிலிருந்து கத்திச் சொல்லலாமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும், விதிகளைப் படித்துவிடுங்கள். கத்த முடியாவிட்டாலும் அந்தத் தாள் அடுத்த ஆட்டத்துக்கு உதவும்.

தொடக்கத்தில் மூன்று பேரும் ஓடிவிடுகிறோம். இல்லாவிட்டால் மூன்று பேரும் நின்று சுடுகிறோம். இரண்டுமே சரிவரவில்லை. யார் ஓட வேண்டும், யார் சுட வேண்டும்?
– ஒரு கல்லூரி அணி

இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பொறுமையாகப் படியுங்கள், பயன் உண்டு.

பெரும்பாலான மைதானங்களில் குண்டின் வேகத்துக்கு உச்ச வரம்பு நொடிக்கு 300 அடி, அதாவது ஏறக்குறைய 91 மீட்டர். அது மார்க்கரை விட்டு வெளியே வரும்போது உள்ள வேகம். காற்றின் தடையால் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். 30 மீட்டர் தள்ளி இருக்கும் இடத்துக்குக் குண்டு போய்ச் சேர அரை நொடி போல ஆகும். முழு வேகத்தில் ஓடும் ஒருவர் அந்த அரை நொடியில் 3 மீட்டர் கடந்திருப்பார். அப்படியானால் ஓடுகிறவரைப் பார்த்து, அவரை நோக்கியே சுட்டால் குண்டு எப்போதும் அவருக்குப் பின்னால்தான் விழும். புது ஆட்டக்காரர்கள் மார்க்கரை அவரோடு சேர்த்து இழுத்துக்கொண்டே போவார்கள். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். ஆள் பத்திரமாகப் பங்கருக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

அதனால்தான் லேன் போடுவது என்ற முறை வந்தது. எதிரணி ஆள் கடந்தே ஆக வேண்டிய, மறைவு இல்லாத ஒரு இடைவெளியை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆட்டம் தொடங்கியதும் ஆளைப் பார்க்காமல் அந்த இடைவெளியை மட்டும் குறிவைத்து, மார்க்கரை அசைக்காமல் சுடுகிறீர்கள். அவர் வந்து உங்கள் குண்டில் மோத வேண்டும்.

இப்போது அடுத்த கணக்கு. பக்கவாட்டில் ஓடும் ஒருவரின் உடல் சுமார் அரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 6 மீட்டர் ஓடுகிறவர் உங்கள் லேனைக் கடக்க ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் எடுப்பார். உங்கள் மார்க்கர் நொடிக்கு 10 குண்டு விட்டால், அவர் கடக்கும் நேரத்தில் ஒரு குண்டு அங்கே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கைவிரலால் நொடிக்கு 5 அல்லது 6 முறை இழுக்கும் மெக்கானிக்கல் மார்க்கர் என்றால் வாய்ப்பு இன்னும் பாதி. ஒரே இடைவெளியில் இரண்டு பேர் லேன் போட்டால்? வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆளுக்கொரு இடைவெளி என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஓட்டை வலைதான்.

எனவே மூவர் அணிக்கு நான் சொல்லும் தொடக்கம் இது: எதிரணியின் ஸ்னேக் பக்கம், டொரிட்டோ பக்கம் இரண்டில் எது உங்களுக்கு அதிகத் தொல்லை தரும் என்று முடிவு செய்யுங்கள். அந்தப் பக்கத்தை இரண்டு பேர் சுட வேண்டும். ஒருவர் தொடக்க இடத்திலேயே நின்று சுடுவார். இன்னொருவர் பக்கத்தில் உள்ள எளிய பங்கருக்குப் போகும் வழியிலேயே, ஓடிக்கொண்டே சுடுவார். மூன்றாமவர் சுடவே வேண்டாம். தலையைத் தாழ்த்தி, நேராக, முழு வேகத்தில் தன் பங்கருக்கு ஓடினால் போதும். மறு ஓரம் திறந்து கிடக்கும், கிடக்கட்டும். எதிரணி அங்கே ஒரு ஆளை நுழைத்தாலும், இந்தப் பக்கம் ஒருவரை நீங்கள் எடுத்துவிட்டால் மூன்றுக்கு இரண்டு.

இன்னும் சில நுணுக்கங்கள். ஓடும் ஆள் பங்கரை நெருங்கும்போது குனிவார் அல்லது சறுக்கி விழுவார். லேன் நெஞ்சு உயரத்தில் இருந்தால் குண்டு தலைக்கு மேலே போய்விடும். இடைவெளியின் தொடக்கத்தில் நெஞ்சு உயரம், பங்கருக்கு அருகில் இடுப்பு உயரம் என்று வைத்துப் பழகுங்கள். முதல் குண்டு எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பயிற்சியில் உங்கள் ஆளையே ஓடவிட்டு, அவர் இடைவெளியை அடையும் முன் உங்கள் முதல் குண்டு அங்கே போய்விடுகிறதா என்று மூன்றாமவர் பக்கவாட்டில் நின்று பார்த்துச் சொல்லட்டும். இந்த ஒரு பயிற்சிக்கு ஒரு முழு நாளையே கொடுக்கலாம்.

நின்று சுடுகிறவர் எப்போது நகர வேண்டும்? எதிராளி போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கண்ணால் பார்த்த உடனே. ஆளில்லாத இடைவெளியைச் சுட்டுக்கொண்டு வெட்டவெளியில் நிற்கிற ஒவ்வொரு நொடியும் எதிரணிக்கு நீங்கள் தரும் பரிசு.

எங்கள் அணியில் ஒருவர் மிக வேகமாக ஓடுவார். தொடக்கத்திலேயே ஸ்னேக்குக்கு அனுப்புகிறோம். பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் முதல் ஆளாக அவுட் ஆகிவிடுகிறார். அவரை மாற்றிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

தயவுசெய்து மாற்றாதீர்கள். அவர் ஓடும் நேரத்தை மாற்றுங்கள்.

தொடக்க ஒலி கேட்ட நொடியில் எதிரணியின் மார்க்கர்கள் அத்தனையும் நிரம்பியிருக்கும், அத்தனை பேரின் கண்ணும் ஸ்னேக் வழியில் இருக்கும். அவரை முதலில் பாதி தூரத்தில் உள்ள பங்கர் வரை மட்டும் ஓடச் சொல்லுங்கள். பத்து, பதினைந்து நொடியில் எதிரணி ஆட்கள் தங்கள் பங்கருக்குள் தலையை இழுத்துக்கொள்வார்கள், யாராவது ஒருவர் குண்டு நிரப்பத் தொடங்குவார். அதைப் பார்க்கிற பின்வரிசை ஆட்டக்காரர் "போ!" என்று சொன்னதும் அவர் ஸ்னேக்குக்குள் பாய வேண்டும். அந்தப் பாய்ச்சலுக்கு முன் பின்வரிசை ஆள் எதிராளியின் பங்கர் ஓரத்தில் விடாமல் சுட்டு, அவரைத் தலை தூக்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். ஆள் பாய்ந்த பிறகு சுட ஆரம்பித்தால் பலன் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்னேக்கில் படுத்திருப்பவரை அவருக்கு நேர் எதிரே இருப்பவர் வீழ்த்துவதைவிட, மைதானத்தின் மறு ஓரத்திலிருந்து குறுக்காகச் சுடுகிறவர் வீழ்த்துவதே அதிகம். உங்கள் ஓட்டக்காரர் விலாவில் அடி வாங்கி வெளியே வருகிறார் என்றால் அவர்மேல் குறை இல்லை. மறுபக்கத்து ஆள் தன் எதிராளியைச் சும்மா விட்டுவிட்டார் என்று பொருள்.

ஆட்டம் தொடங்கியதும் எல்லோரும் கத்துகிறோம். யார் சொல்வதும் யாருக்கும் புரிவதில்லை. என்ன செய்வது?
– ஐவர் அணியின் பின்வரிசை ஆட்டக்காரர்

இந்தக் கேள்வியை அனுப்பியவருக்கு என் தனிப்பட்ட நன்றி. இதை எழுதத்தான் இந்தப் பகுதியையே கேட்டு வாங்கினேன்.

கத்துவதும் பேசுவதும் வேறு. களத்தில் சொல்லத் தகுந்த செய்திகள் மூன்றே மூன்று வகை. எதிராளி எந்தப் பங்கரில் இருக்கிறார். எத்தனை பேர் போய்விட்டார்கள். நான் இப்போது என்ன செய்யப் போகிறேன். இந்த மூன்றிலும் சேராத எதையும் ஆட்டத்தின்போது சொல்ல வேண்டாம். "ஐயோ", "சுடு சுடு", "பார்த்துடா" எல்லாம் மூச்சைத்தான் வீணாக்கும்.

பங்கர்களுக்குப் பெயர் வையுங்கள். பொதுவழக்கில் உள்ள பெயர்களே போதும்: ஸ்னேக் ஒன்று, ஸ்னேக் இரண்டு, டொரிட்டோ ஒன்று, நடு, மூலை. காலையில் மைதானத்தை நடக்கும்போது ஒவ்வொரு பங்கரையும் தொட்டு, ஐந்து பேரும் ஒரே பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் "கேன்" என்று சொல்வதை இன்னொருவர் "டின்" என்று புரிந்துகொள்கிற குழப்பம் அங்கேயே தீர்ந்துவிட வேண்டும்.

சொன்னதைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஸ்னேக் ரெண்டுல ஒருத்தர்" என்று பின்னாலிருந்து குரல் வந்தால், முன்னால் இருப்பவர் "ஸ்னேக் ரெண்டு" என்று எதிரொலிக்க வேண்டும். எதிரொலி வராத செய்தி போய்ச் சேரவில்லை என்றே எடுத்துக்கொண்டு மறுபடி சொல்லுங்கள். மார்க்கர்கள் வெடிக்கும் சத்தம், மாஸ்க்குக்குள் உங்கள் சொந்த மூச்சு இரைக்கும் சத்தம், இதற்கு நடுவில் முதல் முறை சொல்வது காதில் விழாமல் போவது சாதாரணம்.

எண்ணிக்கைதான் எல்லாவற்றிலும் உயிரானது. எதிரணியில் ஒருவர் அவுட் ஆகி வெளியேறுவதை யார் பார்த்தாலும் உடனே "ஒண்ணு" என்று கத்த வேண்டும். அடுத்தவர் போனால் "ரெண்டு". போனவர்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள், மிச்சம் இருப்பவர்களின் எண்ணிக்கையைச் சொல்லிக் குழப்பாதீர்கள். இரண்டையும் கலந்தால் "ரெண்டு" என்றால் என்ன என்று யோசிப்பதிலேயே ஆட்டம் முடிந்துவிடும். எதிரணிக்கும் காது இருக்கிறதே என்று சிலர் ரகசியச் சொற்களை வைத்துக்கொள்வார்கள். அனுபவமுள்ள அணிகளுக்கு அது சரி. புது அணிக்கு வேண்டாம். தன் ஆள் போய்விட்டது எதிரணிக்கு முன்பே தெரியும், நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் ரகசியச் சொல் வையுங்கள்: நீங்கள் முன்னேறப் போகிற கணத்துக்கு.

குண்டு நிரப்பும் முன் "லோடு" என்று சொல்லிவிட்டு, பக்கத்து ஆள் "சரி" என்று சொன்ன பிறகுதான் பாட் ஒன்றை உருவ வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து நிரப்புகிற சில நொடிகளுக்காகத்தான் எதிரணியின் முன்வரிசை ஆள் காத்துக்கொண்டிருக்கிறார்.

இதற்கெல்லாம் பயிற்சி எடுக்கக் குண்டுச் செலவே இல்லை. மாஸ்க் அணிந்து, வெற்று மார்க்கரோடு, ஓடுவதையும் பேசுவதையும் மட்டும் பழகுங்கள். மாஸ்க் கட்டாயம். மாஸ்க் போடாமல் பழகிய குரல் களத்தில் எடுபடாது.

அதிகமாகச் சுடுகிற அணிதான் ஜெயிக்கும் என்கிறார்கள். எங்களால் அவ்வளவு குண்டு வாங்க முடியாது.
– ஒரு வாசகர்

முதல் பெயிண்ட்பால் ஆட்டம் 1981ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹெனிக்கர் என்ற ஊருக்கு அருகே நடந்தது. மரங்களிலும் மாடுகளிலும் அடையாளம் இடப் பயன்பட்ட நெல்ஸ்பாட் கருவியோடு 12 பேர் ஒரு காட்டுக்குள் இறங்கினார்கள். எல்லாக் கொடிகளையும் எடுத்து வென்றவர் ரிச்சி வைட் என்ற வன அலுவலர். அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

இன்றைய போட்டி மைதானத்தில் அப்படி வெல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எத்தனை குண்டு என்பதைவிட எப்போது என்பது முக்கியம் என்ற பாடம் மாறவில்லை. மார்க்கரின் மேல் இருக்கும் குண்டுக் கலனான சாதாரண ஹாப்பர் ஒன்றில் சுமார் 200 குண்டு கொள்ளும், ஒரு பாட் என்றால் சுமார் 140. முன்வரிசை ஆளுக்கு ஹாப்பரும் இரண்டு பாட்களும் தாராளம். பாட்கள் குறைந்தால் ஸ்னேக்கில் தவழ்வதும் எளிது. பின்வரிசை ஆளுக்கு நான்கு, ஐந்து பாட் வேண்டும், லேன் போடுவதும் எதிராளியை அடக்கி வைப்பதும் அவர் வேலை. ஒரு பெட்டி என்பது வழக்கமாக 2000 குண்டு. உங்கள் அணி ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று பயிற்சியில் எண்ணிப் பார்த்து, உறுதியான ஆட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

குறைத்து வாங்கினாலும் நல்லதாக வாங்குங்கள், வாங்கியதைப் பத்திரமாக வையுங்கள். குண்டின் ஓடு ஜெலட்டின். ஈரம் பட்டால் உப்பும், வெயிலில் இளகும், கடுங்குளிரில் எளிதில் உடையும். பெட்டியை நிழலில், மூடியே வைத்திருங்கள். தரையில் விழுந்த குண்டைப் பொறுக்கிப் போடாதீர்கள். ஒட்டிய மண்ணும் உப்பிய ஓடும் சேர்ந்து பேரலுக்குள்ளேயே (மார்க்கரின் குழல்) உடைந்தால், அதற்குப் பிறகு போகிற எந்தக் குண்டும் நேராகப் போகாது.

அணியில் நான் மட்டும்தான் பெண். ஒவ்வொரு ஆட்டத்திலும் என்னைப் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். முன்வரிசை கேட்டு வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி

எதற்காகப் பின்னால் நிறுத்துகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்பதற்காக என்றால் அது தவறு, அந்த அணி ஒரு ஆட்டக்காரரை வீணடிக்கிறது. அடுத்த பயிற்சியில் எல்லோரையும் எல்லா இடத்திலும் ஆடவிட்டு, யார் எங்கே நிலைக்கிறார்கள் என்று பாருங்கள். முன்வரிசைக்கு உடல் பலத்தைவிடச் சிறிதாக மடங்கிக்கொள்ளும் உடலும், தாழ்ந்தே நகரும் பொறுமையும் அதிகம் உதவும்.

ஆனால் உங்கள் குரல் தெளிவாக இருக்கிறது, மைதானத்தை நீங்கள் நன்றாகப் படிக்கிறீர்கள் என்பதற்காக நிறுத்துகிறார்கள் என்றால், விட்டுக் கொடுக்காதீர்கள். பின்வரிசையில் இருப்பவர்தான் அணியின் கண். நான் அந்த இடத்தில் ஆடியதாலேயே சொல்லவில்லை. நடுவராக நின்று பார்க்கிறபோதும், பின்வரிசை ஆள் போன மறு நிமிடம் முன்னால் இருக்கும் இருவரும் திக்குத் தெரியாமல் திணறுவதைத்தான் பார்க்கிறேன். ஆட்டத்தில் எப்போது முன்னேறுவது என்ற கட்டளையும் உங்களிடமிருந்தே வர வேண்டும் என்று அணியிடம் தெளிவாகப் பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கு ஒன்று என்ற நிலையில் முன்னணியில் இருந்தும் தோற்றுவிடுகிறோம். ஒரு முறை அல்ல, பல முறை. ஏன்?
– மூவர் அணி ஆட்டக்காரர்

உங்களைப் போன்ற அணிகள் அந்த நிலையில் செய்வது இரண்டில் ஒன்று. சந்தோஷத்தில் இருவரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள், தனியாள் வரிசையாக இருவரையும் எடுத்துவிடுவார். அல்லது இருவரும் பயந்து பங்கருக்குள் ஒடுங்கி, தனியாளை மைதானத்தில் இஷ்டம்போல நடமாட விடுவார்கள்.

இரண்டு பேர் இருப்பதன் பலன், இரண்டு கோணங்கள். ஒரு பங்கர் ஒரு பக்கத்திலிருந்து வரும் குண்டைத்தான் முழுதாக மறைக்கும். நீங்கள் இருவரும் அருகருகே இருந்தால் அவருக்கு நீங்கள் ஒரே ஆள்தான். அதனால் முதலில் அகலமாகப் பிரியுங்கள். அடுத்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் அவரை அடக்கி வைப்பவர். பங்கரின் எந்த ஓரத்தில் அவர் எட்டிப் பார்க்கிறாரோ அந்த ஓரத்தில் சீராக, இடைவிடாமல் குண்டு விழ வேண்டும். வேகமாக வேண்டாம், நிற்காமல் இருந்தால் போதும். மற்றவர் நகர்பவர். அடக்கி வைப்பவர் தன் ஹாப்பர் நிரம்பியிருப்பதை உறுதி செய்துகொண்டு அந்த ரகசியச் சொல்லைச் சொன்ன பிறகே அவர் நகர வேண்டும். நகர்ந்தவர் அடுத்த பங்கரை அடைந்ததும் உடனே சுட ஆரம்பிக்கட்டும். தனியாள் அவர் பக்கம் திரும்பினால் முதலாமவருக்கு முதுகு கிடைக்கும். திரும்பாவிட்டால் நகர்ந்தவருக்கே பக்கவாட்டு தெரியும். இப்படி இரண்டு நகர்வில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

அவர் எங்கே இருக்கிறார் என்பது இருவருக்குமே தெரியவில்லை என்றால் நகராதீர்கள். முதலில் கண்டுபிடியுங்கள். கடைசியாக அவரைப் பார்த்த இடத்தில் ஒருவர் நான்கைந்து குண்டு போட, மற்றவர் சுடாமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

மிக அருகில் போய்ச் சுடுவதற்கு சில மைதானங்களில் குறைந்தபட்ச தூர விதி உண்டு. போட்டி நாளில் அது பொருந்துமா என்று ஆட்டக்காரர் கூட்டத்தில் கேட்டுவிடுங்கள்.

நீங்களே அந்தத் தனியாளாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். சுடுவதை நிறுத்துங்கள். சுடும்போதுதான் உங்கள் இடம் தெரிகிறது. இருவரில் ஒருவர் பேசும் சத்தமோ பாட் விழும் சத்தமோ கேட்கும் வரை காத்திருந்து, பங்கரின் மறு ஓரத்தில், முன்பு எட்டிப் பார்த்த உயரத்தில் இல்லாமல் வேறு உயரத்தில் வெளியே வாருங்கள். இரண்டு, மூன்று குண்டு போட்டதும் திரும்ப உள்ளே. வலது ஓரத்தில் வலது கையாலும் இடது ஓரத்தில் இடது கையாலும் சுடத் தெரிந்தவருக்கு இந்த நிலையில் பாதிக் கவலை இல்லை. கை மாற்றிச் சுடாவிட்டால் உடம்பில் பாதி வெளியே தெரியும்.

முதுகில் குண்டு பட்டது எங்கள் ஆளுக்கே தெரியவில்லை. நடுவர் இன்னொருவரையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டார். இது நியாயமா?
– கோபமாக ஒரு வாசகர்

உங்கள் கோபம் புரிகிறது. நடுவர் பார்ப்பது ஒன்றைத்தான்: அடி பட்டது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமா, தெரியாமல் போக வாய்ப்பு உண்டா. பாட் பையின் மேல் பட்டது தெரியாமல் போகலாம். அதற்குப் பொதுவாக அவரை மட்டும் அனுப்புவார்கள். கையிலோ மாஸ்க்கிலோ மார்க்கரிலோ பட்ட பிறகும் ஆடினால் தண்டனையாக இன்னொருவரும் போவார். துடைத்தால் இன்னும் கடுமை. சரியான அளவு அந்தந்தப் போட்டியின் விதியில் இருக்கும். மூவர் அணியில் இப்படி ஒரு தண்டனை வந்தால் ஒருவர்தான் மிச்சம் என்பதை நினைவில் வையுங்கள்.

முதுகில் ஏதோ பட்டதுபோல் இருந்தால், சுடுவதை நிறுத்திப் பங்கருக்குள் இருந்தபடி நடுவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குண்டு உடையாமல் தெறித்திருந்தால் நீங்கள் அவுட் இல்லை. உடைந்திருந்தால் கையை உயர்த்தி வெளியே வாருங்கள். நேர்மையாகக் கேட்கிற ஆட்டக்காரரை நடுவர்கள் மறப்பதில்லை.

போட்டி நாள் காலையில் மைதானத்துக்குப் போனதும் என்ன செய்ய வேண்டும்? வரிசையாகச் சொல்ல முடியுமா?
– அணித் தலைவர் ஒருவர்

மற்ற அணிகள் வரும் முன் போய்விடுங்கள். மைதானத்தைத் தனியாக நடக்கக் கிடைக்கிற அந்த நேரம் பொன்னானது. தொடக்க இடத்தில் நின்று, எந்தெந்த இடைவெளி வழியாக எதிரணிப் பங்கர்கள் தெரிகின்றன என்று பாருங்கள். பிறகு எதிரணியின் தொடக்க இடத்துக்கே போய், அங்கிருந்து உங்கள் பங்கர்களைப் பாருங்கள். உங்கள் ஆள் ஒருவர் ஒவ்வொரு பங்கராகப் போய் ஒளிந்து பார்க்கட்டும். நின்றால் தலை தெரிகிறதா, மண்டியிட்டால் கால் தெரிகிறதா, எந்தக் கோணத்திலிருந்து தெரிகிறது என்பதை மற்றவர்கள் சொல்லுங்கள். லேன் போடப் போகிறவர் நிற்கும் இடத்தில் காலால் சரியாக நின்று, தூரத்தில் அசையாத ஏதாவது ஒன்றைக் குறியாக மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் மார்க்கரின் வேகத்தை அளந்து வாங்குங்கள். வரம்பை ஒட்டி வைக்காமல் நொடிக்குப் பத்து அடி குறைவாக வையுங்கள். வெயில் ஏற ஏற வேகம் கூடி, ஆட்டத்துக்கு நடுவில் சோதனையில் மாட்டுவது சின்னப் போட்டிகளில் அடிக்கடி நடக்கிறது. மாஸ்க் கண்ணாடியில் கீறல், விரிசல் இருந்தால் அன்றைக்கு அந்த மாஸ்க் வேண்டாம். களத்துக்கு வெளியே பேரல் கவர் எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும்.

உங்கள் ஆட்டம் இல்லாத நேரத்தில் மரத்தடியில் படுக்காமல், அடுத்து சந்திக்கப் போகும் அணியைப் பாருங்கள். சிறிய போட்டிகளில் பெரும்பாலான அணிகளிடம் ஒரே ஒரு தொடக்கம்தான் இருக்கும். இரண்டு ஆட்டம் பார்த்தாலே அவர்களின் ஸ்னேக் ஆள் நேராக ஓடுகிறாரா, பாதியில் நிற்கிறாரா என்று தெரிந்துவிடும். உங்கள் இரண்டு மார்க்கர்களும் எந்த இடைவெளியைச் சுட வேண்டும் என்பதை உங்கள் ஆள் வெளியே நின்று குறித்த தாளைப் பார்த்துக் களத்துக்குள் நுழையும் முன்பே முடிவு செய்யுங்கள். உள்ளே போனதும் மாற்ற வேண்டாம்.

உங்களிடமும் ஒரே தொடக்கம் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. ஆனால் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒன்று, மூவரும் அருகிலுள்ள பங்கர்களுக்கே போகிற பத்திரமான தொடக்கம். இன்னொன்று, ஓட்டக்காரர் நேராக ஸ்னேக்குக்குப் போகிற தொடக்கம். முதல் இரண்டு ஆட்டமும் பத்திரமானதையே ஆடுங்கள். உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அணி அதை எதிர்பார்த்து லேனை உள்பக்கமாக மாற்றும். அப்போது இரண்டாவதை எடுங்கள்.

புள்ளிக் கணக்கில் ஒன்று முன்னால் இருந்து, நேரமும் குறைவாக இருந்தால், எதிரணியின் தொடக்க இடத்தில் இருக்கும் பஸரை அடித்து ஆட்டத்தை முடிக்க ஓட வேண்டாம். இருவர் உயிரோடு, அகலமாகப் பிரிந்து, எதிரணி வந்தே ஆக வேண்டிய இடைவெளிகளைப் பார்த்துக்கொண்டு இருங்கள். வர வேண்டியது அவர்கள்தான். கடைசி நிமிடத்துக்கான ஹாப்பர் நிரம்பியிருக்கிறதா என்று இப்போதே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.